முதலில் சப்பாத்துகள்

1986ஆம் ஆண்டு ஆகஸ்ட் கடைசியில், பாங்க் ஹொலிடே விடுமுறைத் திங்கட்கிழமை காலை, அப்பா படுக்கையில் கிடந்தபடி வானொலியைக் கேட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார். நான் அடுப்படியில் வடை சுட்டுக்கொண்டிருந்தேன்.

"பிள்ளை, அந்த அமெரிக்கப் புயல் இஞ்ச வருதாம்."

பக்கவாதம் வந்த பிறகு அவருடைய வாய் வலப்பக்கம் தொங்கிப்போயிருந்தது. அவர் பேசுவது மற்றவர்களுக்கு விளங்காது. எனக்கு விளங்கும்.

"எந்தப் புயல், அப்பா?"

"போன கிழமை கரோலைனாக் கரையை அடிச்சிட்டுக் கடலுக்குள்ள போனதெல்லோ. அது செத்துப்போச்சு எண்டு நினைச்சன். முழு அட்லாண்டிக்கையும் கடந்து வந்திட்டுது. மழையாக் கொட்டுமாம்."

"சரி, நீங்கள் சத்தம் போடாமல் படுங்கோ. மேல ஆக்கள் வரப்போகினம்."

சத்தம் போடாமல் இருப்பது அன்றைக்கு எங்களுக்கு இடப்பட்ட கட்டளை. மேல் வீட்டு மகளுக்கு நிச்சயதார்த்தம். வீட்டுக்காரர் என் கணவருக்குத் தூரத்து மாமா முறை. அறுபதுகளிலேயே லண்டனுக்குப் படிக்க வந்து, கணக்காளராகி, ஆர்ச்வேயில் இந்த வீட்டை வாங்கியவர். முருகன் கோயிலுக்கு நடந்தே போய்விடலாம். மூன்று மாடி வீடு. அதன் அடியில், தெருமட்டத்துக்குக் கீழே இருந்த பேஸ்மென்டில் நாங்கள் மூன்று பேரும் இருந்தோம். நோயாளியோடு போய் நின்ற எங்களுக்கு லண்டனில் வேறு யாரும் அறை கொடுக்கவில்லை. மாமா கொடுத்தார். அந்த நன்றியை நாங்கள் ஒவ்வொரு நாளும் உணரும்படியாக மாமி பார்த்துக்கொண்டார்.

அப்பா தபால் அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். எண்பத்து மூன்றில் கொழும்பில் வீடு எரிந்த பிறகு, அம்மாவும் இல்லாத நிலையில், ஒரே மகளான என்னோடு வந்தார். லண்டனில் அவருடைய இரண்டாவது குளிர்காலத்தில் ஒருநாள் காலை, சவரம் செய்துகொண்டிருந்தவர் கண்ணாடிக்கு முன்னால் விழுந்தார். வலது கையும் காலும் பிறகு எழும்பவே இல்லை. ஆள் பெரிய உடம்பு. நான் அவருடைய நெஞ்சுக்குத்தான் வருவேன். கணவர் வேலைக்குப் போகுமுன் அவரைக் குளிப்பாட்டி, சாய்த்து வைத்துவிட்டுப் போவார். மிச்சமெல்லாம் நான்.

பேஸ்மென்டுக்கு இரண்டு வழி. முன்பக்கம் தெருவிலிருந்து கீழிறங்கும் கல்படிகள். படிகளின் அடியில், ஆறேழு பேர் நிற்கக்கூடிய ஒரு சின்ன முற்றம், அதன் நடுவில் கழிவுநீர்க் கானின் மூடி. மற்றது உள்ளே, மேல் வீட்டு நடைக்கு ஏறும் மரப்படிக்கட்டு. அதன் உச்சியில் ஒரு கதவு. தாழ்ப்பாள் அவர்கள் பக்கம்.

நிச்சயதார்த்தத்தைத் தோட்டத்தில் வைப்பதென்று வாடகைக்குக் கூடாரம் எடுத்திருந்தார்கள். வடை என் பொறுப்பு. முதல்நாள் உழுந்து ஊறப்போட்டு, விடியவே அரைத்து, சுடச்சுட மேலே கொடுத்துக்கொண்டிருந்தேன். எங்களுக்கு அழைப்பு இல்லை. "உமக்கு அப்பாவைப் பாக்கிற வேலை இருக்குத்தானே," என்று மாமி முன்கூட்டியே சொல்லிவிட்டார். கணவருக்கு கோலியர்ஸ் வுட்டில் பெற்றோல் நிலையத்தில் பகல் ஷிப்ட். விடுமுறை நாள் என்றால் அவரைத்தான் போடுவார்கள்.

மத்தியானத்துக்குச் சற்று முன்பு மழை தொடங்கியது. லண்டன் மழை எனக்குப் பழக்கம். அழுவதா விடுவதா என்று தெரியாத குழந்தை மாதிரித் தூறிக்கொண்டே இருக்கும். இது அந்த மழை இல்லை. ஊரில் மார்கழியில் பெய்வதுபோல் நேராக, கனமாக இறங்கியது. காற்றும் சேர்ந்தது. பின்னால் ஆண்கள் கத்துவது கேட்டது. கூடாரத்தின் ஒரு பக்கம் பிய்ந்து வேலிக்கு மேலே போய்விட்டதாம். எல்லோரும் வீட்டுக்குள் ஓடினார்கள். எங்கள் தலைக்கு மேல் பலகைகள் அதிர்ந்தன.

உச்சிக் கதவு திறந்தது. மாமி பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பிள்ளை, ஆக்களின்ர சப்பாத்தெல்லாம் ஈரம். கார்ப்பெட் புதுசு. இந்தப் படியில வைக்கிறன், குறை நினையாதையும்."

படிக்கட்டு முழுவதும் சப்பாத்துகளையும் குடைகளையும் அடுக்கினார்கள். பெண்களின் குதியுயர்ந்த செருப்புகள், குழந்தைகளின் வெள்ளைச் சப்பாத்துகள், ஆண்களின் கறுப்புத் தோல் சப்பாத்துகள். மேல்படியில் தொடங்கி எங்கள் நிலம் வரைக்கும். அவற்றிலிருந்து வடிந்த தண்ணீரை நான் அப்பாவின் பழைய சாரத் துணியால் ஒற்றியெடுத்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் நான் ஒற்றியெடுக்கும் தண்ணீர் படியிலிருந்து வரவில்லை. முன்கதவின் கீழால் வந்துகொண்டிருந்தது.

கதவைத் திறந்தேன். மலைச் சரிவில் இறங்கும் எங்கள் தெருவில் ஓடிவந்த வெள்ளம் கல்படிகளில் குதித்து இறங்கியது. முற்றம் ஒரு தொட்டியாகியிருந்தது. கான் மூடி தண்ணீரை உள்ளே இழுப்பதற்குப் பதிலாகக் கொப்பளித்துத் தள்ளியது. அது தள்ளியது மழைத் தண்ணீர் மட்டும் அல்ல. நாற்றம் முகத்தில் அடித்தது. கதவைச் சாத்தினேன். சாத்தியும் ஒன்றுதான். கணுக்கால் அளவுக்கு வந்துவிட்டது.

அப்பா படுத்திருந்தது ஒரு தாழ்வான மடக்குக் கட்டில். அதில் பஞ்சு மெத்தை. தண்ணீர் மெத்தையைத் தொட்டால் போதும், அது தானே மேலே உறிஞ்சிக்கொள்ளும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவருடைய சாரத்தில் ஈரம் படர்ந்தது.

"குளிருது, பிள்ளை," என்றார்.

படியேறிப் போய்க் கதவைத் தட்டினேன். மேலே சிரிப்பும் பேச்சும். இன்னும் பலமாகத் தட்டினேன். மாமி கதவை ஒரு சாண் அளவுக்குத் திறந்தார்.

"மெதுவாத் தட்டும். தாம்பாளம் மாத்தப் போகினம்."

"மாமி, கீழ தண்ணி வந்திட்டுது. அப்பாவின்ர கட்டில் நனையுது. ரெண்டு ஆம்பிளையளை அனுப்புங்கோ, அவரை மேல கொண்டு வருவம்."

மாமி என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலால் படிகளைப் பார்த்தார். கீழ்ப்படியில் இருந்த சோடிகள் நனையத் தொடங்கியிருந்தன.

"கடவுளே. அந்தக் கடைசிச் சோடி மாப்பிள்ளையின்ர தகப்பன்ரை. முதல்ல சப்பாத்துகளை எடுத்துத் தாரும். கெதியா."

நான் எடுத்துக் கொடுத்தேன். அப்பாவைத் தூக்கிவர வேண்டுமென்றால் படி காலியாகத்தானே வேண்டும் என்று நினைத்தேன். அதனால் ஓடியோடிக் கொடுத்தேன். சோடி மாறாமல் கொடுக்கும்படி மாமி சொல்ல, அதையும் பார்த்துக் கொடுத்தேன். அவர் நடையில் பத்திரிகைத் தாள்களை விரித்து ஒவ்வொன்றாக வாங்கி வைத்தார். பிறகு குடைகள். கடைசிக் குடையையும் நீட்டிவிட்டு மூச்சு வாங்க நின்றேன்.

"இனி அப்பாவை, மாமி."

மாமி குரலைத் தாழ்த்தினார்.

"கொஞ்சம் யோசியும், பிள்ளை. இந்த நேரத்தில ஒரு வருத்தக்காரனை அவையின்ர கண்ணுக்கு முன்னால தூக்கிக்கொண்டு வந்தால் என்ன நினைப்பினம்? எங்கட சொந்தமெண்டு தெரிஞ்சால், இது பரம்பரையில இருக்கிற வருத்தமோ எண்டு கேட்பினம். என்ர பெட்டையின்ர வாழ்க்கை. அவை நாலு மணிக்குப் போயிடுவினம்."

"அவர் தண்ணிக்குள்ள கிடக்கிறார், மாமி."

"நாலு மணிக்கு," என்றார். கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது.

கீழே வந்தபோது அப்பா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "கேட்டனான்," என்றார். "திரும்பிப் போய்க் கேக்காதை."

ஆனாலும் நான் போனேன். இந்த முறை மாமா வந்தார். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டு படி இறங்கிக் குனிந்து பார்த்தார். அவர் முகத்தில் உண்மையான கவலை தெரிந்தது. நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், அப்போதும் அப்படித்தான் இருந்தார்.

"பாங்க் ஹொலிடே, பிள்ளை. கவுன்சிலும் பூட்டு, பிளம்பர் ஒருத்தனும் வரமாட்டான். அவரை மெதுவாத் தூக்கிக் கதிரையில இருத்திவிடும். நான் பிறகு வாறன்."

"என்னால தூக்க ஏலாது, மாமா. ஒருக்கா நீங்கள் வாங்கோ."

அவர் தன் வேட்டியைப் பார்த்தார். மேலே யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். "முயற்சி செய்து பாரும்," என்று அன்பாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்த அன்பை என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை.

முயற்சி செய்தேன். அப்பாவின் அக்குள்களுக்குக் கீழே கையைக் கொடுத்து இழுத்தேன். அரைப் பங்கு உடம்பு எனக்கு உதவப் பார்த்தது, மற்ற அரைப் பங்கு கல்லாகக் கிடந்தது. இருவரும் கட்டிலிலிருந்து சரிந்து தண்ணீருக்குள் விழுந்தோம். அவருடைய தலை அடிபடாமல் மடியில் தாங்கினேன். அந்தத் தண்ணீரில் என்னென்ன மிதந்தது என்று எழுத மாட்டேன். ஒரு காலத்தில் வெள்ளைக் காற்சட்டையில் மடிப்புக் கலையாமல் தபால் கந்தோருக்குப் போன மனிதர் அவர். தன் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"என்னை இதில சாத்தி வைச்சிட்டு, ஆரையாவது கூட்டிக்கொண்டு வா. மேல வேண்டாம். வெளியில போ."

அவருடைய முதுகைக் கட்டில் சட்டத்தோடு சாத்தி வைத்துவிட்டு, கல்படிகளில் ஏறித் தெருவுக்கு ஓடினேன். பக்கத்து வீட்டில் ஓர் அயர்லாந்துக்காரர் தனியாக இருந்தார். கட்டட வேலை செய்து முழங்கால் தேய்ந்துபோன மனிதர். பார்த்தால் தலையசைப்பதைத் தவிர எங்களுக்குள் பேச்சு இல்லை. அப்போது என்னுடைய ஆங்கிலம் அவ்வளவுதான். கதவைத் திறந்தவரிடம் "அப்பா, தண்ணீர்" என்ற இரண்டு சொல்லும் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. காலில் மாட்டியிருந்த வீட்டுச் செருப்போடேயே வந்தார்.

அடுப்படிக் கதிரையில் அப்பாவை இருத்தி, போர்வையால் சுற்றி, என் சேலை ஒன்றால் கதிரையோடு கட்டினோம். அயர்லாந்துக்காரர் முன்னால், நான் பின்னால். கொட்டும் மழையில் ஒவ்வொரு கல்படியாக ஏற்றினோம். அவருடைய தேய்ந்த முழங்கால் ஒவ்வொரு படிக்கும் நொடித்தது. தெருமட்டத்துக்கு வந்து மூச்சு வாங்க அப்பாவைக் கீழே வைத்தபோது, மேல் வீட்டின் முன்னறை ஜன்னல் எங்களுக்கு நேரே இருந்தது. உள்ளே எல்லா விளக்குகளும் எரிந்தன. பட்டுச் சேலைகள், கையில் தட்டுகள். ஒருவர் திரைச்சீலையை விலக்கி எங்களைப் பார்த்தார். கதிரையில் கட்டப்பட்டிருந்த அப்பாவின் முகத்தில் மழை அடித்துக்கொண்டிருந்தது. துடைக்க என்னிடம் கை இல்லை. ஜன்னலில் நின்றவர் பார்த்துவிட்டுத் திரைச்சீலையை விட்டார். அது பழையபடி விழுந்தது.

அயர்லாந்துக்காரரும் அதைப் பார்த்தார்.

"உள்ளே இருப்பவர்கள் யார்?" என்று கேட்டார்.

"என் கணவரின் சொந்தக்காரர்கள்."

"சொந்தக்காரர்களா?" என்றார். அதற்குப் பிறகு அதைப்பற்றி அவர் ஒருநாளும் பேசவில்லை.

அவருடைய சோபாவில் அப்பாவைக் கிடத்தி, காஸ் ஹீட்டரைப் போட்டு, உடுப்பு மாற்றினோம். அயர்லாந்துக்காரரின் பிஜாமா அப்பாவுக்குச் சிறியது. அப்பா நடுங்கிக்கொண்டே இருந்தார். தேத்தண்ணீரைக் கரண்டியால் பருக்கினேன்.

நாலு மணிக்குப் பிறகு மாமி வந்தார். பக்கத்து வீட்டுக் கதவடியில் நின்று, உள்ளே வராமல், அலுமினியத் தாளால் மூடிய ஒரு தட்டை நீட்டினார்.

"நல்லபடியா முடிஞ்சுது, பிள்ளை. அப்பாவுக்கும் குடும்."

பலகாரத் தட்டு. அதில் நான் சுட்ட வடைகளும் இருந்தன. அதைத் தெருவில் எறிய வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் அப்பா காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. எனக்குப் பின்னால் சோபாவில் கிடந்தவருக்குத் தட்டின் வாசனை போயிருக்க வேண்டும். "கொண்டா, பசிக்குது," என்றார். பிய்த்துப் பிய்த்துக் கொடுத்தேன், சாப்பிட்டார்.

கணவர் வேலை முடிந்து வந்து பேஸ்மென்டைப் பார்த்துவிட்டு, நேரே மேலே ஏறிப் போனார். கத்தப்போகிறார் என்று நினைத்தேன். பத்து நிமிடத்தில் திரும்பி வந்தார். கண் சிவந்திருந்தது.

"என்ன சொன்னவை?"

"மாமா மன்னிப்புக் கேட்டவர். நிலத்துக்குப் புதுசா லினோலியம் விரிப்புப் போட்டுத் தாறாராம்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"என்னத்தைச் சொல்ல? எங்கட அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை. வேற இடம் இருக்கே எங்களுக்கு?"

அப்பாவுக்கு மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது. மலையடியில் இருந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நெஞ்சில் சளி கட்டிவிட்டது என்றார்கள். பக்கவாதக்காரருக்கு இது எப்போதும் வரக்கூடியதுதான் என்று ஒரு டொக்டர், தமிழ்நாட்டுக்காரர், என்னிடம் தமிழிலேயே சொன்னார். "நனைஞ்சதாலதான் வந்துச்சுன்னு சொல்ல முடியாதும்மா. அப்படி இல்லேன்னும் என்னால சொல்ல முடியாது." நேர்மையான பதில். அதைத்தான் நானும் இத்தனை வருடமாக வைத்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் அப்பா பத்திரிகை வாசிக்கச் சொல்வார். அந்தப் புயலைப்பற்றி எழுதியிருந்தார்கள். அது உருவானபோது முழுப் புயலாகவும் இருக்கவில்லையாம், வெப்பக் கடலுக்கும் குளிர் காற்றுக்கும் இடையில் அரைகுறையாகப் பிறந்ததாம். பிறகு பலம் பெற்று, ஒரு கரையை அடித்து, பலம் இழந்து, பெயர் மட்டும் மிஞ்சி, கடலைக் கடந்து வந்து, அயர்லாந்தில் ஓர் ஆற்றை ஊருக்குள் திருப்பிவிட்டுப் போயிருந்தது. அந்த ஊரில் இருந்த பக்கத்து வீட்டுக்காரரின் அக்காவை மேல்மாடி ஜன்னல் வழியாகப் படகில் இறக்கினார்களாம். அதைச் சொல்ல அவர் நொண்டிக்கொண்டே வார்டுக்கு வந்தார், கையில் திராட்சைப் பழத்தோடு.

நான் வாசித்து முடித்ததும் அப்பா இடது கையால் பத்திரிகையைத் தள்ளிவைத்தார்.

"அதுக்கு ஒரு குற்றமும் தெரியாது," என்றார். "அது காத்து."

செப்டெம்பர் நடுப்பகுதியில், நான் கீழே தேத்தண்ணீர் வாங்கப் போயிருந்தபோது, அவர் இறந்தார்.

சுடலை மண்டபத்தில் மாமாதான் பேசினார். எங்கள் பக்கத்தில் ஆங்கிலமும் தமிழும் நன்றாகப் பேசக்கூடிய பெரிய மனிதர் அவர்தான் என்று கணவரே அவரைப் பேசும்படி கேட்டிருந்தார். மாமா அப்பாவின் படிப்பையும் உத்தியோகத்தையும் சொன்னார். எரிந்த வீட்டைச் சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கடைசிக் காலத்தில அவர் எங்கட வீட்டில இருந்தவர். ஒரு தகப்பனை வைச்சுப் பாக்கிற மாதிரி வைச்சுப் பாத்தம். அந்தப் பாக்கியம் எங்களுக்குக் கிடைச்சுது."

சனம் தலையாட்டியது. மாமி முந்தானையால் மூக்கைத் துடைத்தார். நான் எழுந்தேன். கணவர் என் கையைப் பிடித்தார். உதறினேன்.

"மாமா, அண்டைக்குக் கதவைப் பூட்டினதையும் சொல்லுங்கோ."

மண்டபம் முழுவதும் என் பக்கம் திரும்பியது. மாமா என்னைப் பார்த்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. குரல் இன்னும் கனிந்தது.

"பாவம், பிள்ளை. ஒரே மகள். துக்கத்தில என்ன கதைக்கிறது எண்டு தெரியேல்லை. அவளை ஆராவது பிடிச்சு இருத்துங்கோ."

இரண்டு பெண்கள் வந்து என் தோளைப் பிடித்து இருத்தினார்கள். ஒருத்தி என் தலையைத் தடவினாள். நான் மேலும் பேசினேன், சப்பாத்துகளைப்பற்றி, நாலு மணியைப்பற்றி. எல்லாவற்றையும் அழுகையில் குழறிக் குழறிச் சொன்னேன். ஒருவருக்கும் விளங்கவில்லை. அப்பாவின் பேச்சு மற்றவர்களுக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று அந்த நேரம் எனக்குத் தெரிந்தது.

அடுத்த கிழமை கோயிலில் எனக்குத் தெரியாத ஒரு பெண் என் முகத்துக்கு நேரே சொன்னாள்: "இருக்க இடம் குடுத்த ஆக்களை இப்பிடிப் பேசலாமோ?" மாதம் முடிவதற்குள் மாமா பேஸ்மென்டைத் திருத்த வேண்டும் என்றார். லினோலியம் அதற்குப் பிறகு வந்தவர்களுக்குப் போட்டார்கள். நாங்கள் கோலியர்ஸ் வுட்டில் ஒரு கடைக்கு மேலே ஓர் அறைக்குப் போனோம். கணவருக்கும் எனக்கும் இடையில் அந்த மண்டபத்தில் உதறிய கை பல வருடம் அப்படியே நின்றது. அவர் எனக்காகத்தான் வாயை மூடிக்கொண்டார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஆறவில்லை. அயர்லாந்துக்காரர் அடுத்த வருடம் வீட்டை விற்றுவிட்டு அக்காவிடம் போய்விட்டார். ஒரு கிறிஸ்மஸ் அட்டை வந்தது. பிறகு இல்லை.

மாமியை மறுபடி பார்த்தது தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயில் தேருக்குப் போனபோது. மாமா அதற்கு முந்திய வருடம் தவறிவிட்டதாகக் கேள்விப்பட்டிருந்தேன். மாமி வெயிலில் ஒரு மதிலோரம் மடக்குக் கதிரையில் இருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து இரண்டு கைகளையும் நீட்டினார். தேருக்கு வந்த இடத்தில் என்ன செய்வது. கையைக் கொடுத்தேன்.

"எவ்வளவு காலம், பிள்ளை. நல்லா மெலிஞ்சிட்டீர்."

மகளுக்கு இரண்டு பிள்ளைகள், ரொறன்ரோவில் பெரிய வீடு, மருமகன் தங்கமான மனிதர். எல்லாவற்றையும் சொன்னார். சொல்லிக்கொண்டு போனவர் சிரிக்கத் தொடங்கினார்.

"அண்டைக்கு நிச்சயதார்த்தத்துக்கு என்ன மழை, என்ன? கூடாரம் பறந்து பக்கத்து வீட்டு மரத்தில தொங்கினது. மருமகன் இப்பவும் சொல்லிச் சிரிப்பார். நான் அந்த மாம்பழ நிறப் பட்டுச் சேலை கட்டியிருந்தன், கரையெல்லாம் ஈரம்."

நான் அவருடைய கண்களைப் பார்த்தேன். மறதி நோய் ஏதாவது இருக்குமோ என்று தேடினேன். இல்லை. சேலையின் நிறத்திலிருந்து எல்லாம் சரியாக ஞாபகம் இருந்தது.

"அது சரி, பிள்ளை," என்றார், என் கையைத் தட்டியபடி. "அப்பா எப்பிடி இருக்கிறார்?"

தேர் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. சனம் அரோகரா போட்டது. அவருக்குக் கேட்கட்டும் என்று குனிந்தேன்.

"அப்பா செத்துப் போனார், மாமி."

"எப்ப?" என்றார். உடனே, தன் நெற்றியில் விரலை வைத்து, "ஓம், ஓம். செத்தவீட்டுக்கு நாங்களும் வந்தனாங்களெல்லோ. ஆர் ஆர் போனது எண்டு இப்ப கணக்கே வைக்க ஏலாமல் கிடக்குது," என்றார்.

பிறகு, வெயில் தாங்க ஏலாமல் இருக்கிறது, தண்ணீர்ப் பந்தலில் ஒரு கப் வாங்கித் தரமுடியுமா என்று கேட்டார். நான் போய் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தேன். குடித்துவிட்டு, பிளாஸ்டிக் கப்பைத் திரும்ப என் கையில் தந்தார்.